சைவ வீட்டு மத்ஸ்ய சாஸ்திரம்

1

வெளிநாட்டில் நம்மவர் படும் பாட்டைப் பற்றி எழுத நம் ஊர் இதழ்க்காரர்கள் ஆள் தேடுகிறார்கள். ரங்கூன்காரர் எழுதிவிட்டார். பினாங்குக்காரர் எழுதிவிட்டார். கொழும்புக்காரர் இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் தம் மோட்டார் காரைப் பற்றியே எழுதினார். கடைசியில் ஆள் தட்டுப்பாடு வந்து, திருவனந்தபுரத்தில் குடியிருக்கும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

திருவனந்தபுரமெல்லாம் வெளிநாடா என்று களக்காட்டில் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் கல்யாணமாகி வந்தபோது ஆரல்வாய்மொழிச் சுங்கச் சௌக்கையில் என் சீர்ப்பெட்டியைத் திறந்து, அதிரசத்தை ஒவ்வொன்றாக விரலால் குத்திப் பார்த்தார்கள், உள்ளே புகையிலை கடத்துகிறேனாம். இந்தப் பக்கம் வந்தால் வேறு ராஜா, வேறு காசு, வேறு தபால்தலை. இப்போது திருவாங்கூர்ச் சக்கரக் காசு போய் ரூபாய் வந்துவிட்டது. அதிரசத்தைக் குத்துவதும் நின்றுவிட்டது. நான் மட்டும் இங்கே பாண்டிக்காரி, அங்கே வந்தால் மலையாளத்துக்காரி. இரண்டு ஊரிலும் எனக்கு இலை போடுவார்கள், இரண்டு ஊரிலும் கடைசிப் பந்தியில்.

என் வீட்டுக்காரர் ஆரியசாலையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதுகிறார். கொத்தமல்லி, வற்றல் மிளகாய், சீரகம். மனிதர் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் தெருவே தும்மும். எங்களுக்கு ஒரே மகள், கோமதி. அவளை வைத்துத்தான் போன மாதம் என் வீட்டில் ஒரு பெரிய கூத்து நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதமெல்லாம்.

2

கோமதி மலையாளத்தில் படித்தாள், மலையாளத்தில் சண்டை போட்டாள், தூக்கத்தில் உளறுவதும் மலையாளத்தில்தான். இன்னொரு கரண்டி சோறு வைக்கப் போனால் "மதி அம்மா, மதி" என்பாள். மதி என்றால் இங்கே போதும் என்று அர்த்தம். அவள் பி.எஸ்ஸி. முடித்ததும் மேலே என்ன படிக்க வைப்பது என்று கேட்டுவர இவர் யூனிவர்சிட்டிக்குப் போனார். ஆபீசில் இருந்த குமாஸ்தா சொன்னானாம்:

"மத்ஸ்ய சாஸ்த்ரம். புதியதாணு. ஜோலி உறப்பா."

ஜோலி என்றால் வேலை. உறப்பு என்றால் நிச்சயம். மத்ஸ்யம் என்றால்? இவர் பணத்தைக் கட்டிவிட்டு, பெருமாளின் முதல் அவதாரத்தைப் பற்றிய படிப்பு என்று சொல்லிக்கொண்டு பூரித்துப்போய் வந்தார். சைவ வீட்டுக்குப் பெருமாள் அவதாரம் எதற்கு என்று நான் கேட்டேன். படிப்புதானே, எந்தச் சாமியானால் என்ன என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அப்பா, அது மீனாக்கும். மீனப் பத்திப் படிக்கது."

மீன் என்று சொன்னால் நாற்றம். மத்ஸ்யம் என்று சொன்னால் கற்பூரம் கொளுத்தலாம். சமஸ்கிருதத்தின் பெருமை அப்படி. கட்டிய பணம் திரும்பாது என்பதால் கோமதி மீன் படிக்கப் போனாள். எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஏழு தலைமுறைக்கு முட்டை ஓட்டைக்கூட மிதித்தவர் கிடையாது. சாயங்காலம் அவள் வந்ததும் கிணற்றடியில் குளித்து, அந்த வெள்ளைக் கோட்டைக் கொல்லைப்புறக் கொடியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். இது நான் போட்ட சட்டம். மீறினால் காப்பி கிடையாது.

ஆனால் அவளுக்கு அந்தப் படிப்பு பிடித்துவிட்டது. அதுதான் யாரும் எதிர்பார்க்காதது. பூதக்கண்ணாடிக்குக் கீழே மீன் குஞ்சின் நெஞ்சு துடிப்பதைப் பார்த்தேன் என்று ஒருநாள் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே, தங்கச்சங்கிலி வாங்கிக் கொடுத்தபோதுகூட அப்படி இருந்ததில்லை. நான் "சரி சரி, கையைக் கழுவு" என்றேன்.

அடுத்த வீட்டுப் பாருக்குட்டியம்மா, மீன்காரி வாசலில் வந்து கூடையை இறக்கினால் போதும், வேலிக்கு மேலே கூப்பிடுவாள். "மோளே, ஒந்நு நோக்கியே!" கோமதி போய், மீனின் செவுளை ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது நேத்திக்குள்ளது" என்பாள். மீன்காரி இவள் வம்சத்தையே வாழ்த்துவாள். மெல்ல மெல்லத் தெருவே கூப்பிட ஆரம்பித்தது. சைவப் பெண் மீன் பார்த்துக் கொடுத்தாள், தெரு சாப்பிட்டது. யூனிவர்சிட்டிப் பட்டத்துக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் இதுதான், சம்பளம் மட்டும் இல்லை.

3

ஊரில் என் அண்ணாச்சியிடம் இவர் சொன்னது "மத்ஸ்ய சாஸ்திரம்" என்று மட்டும்தான். இவர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். (சைவ வீட்டில் இந்த ஒரு மீனுக்கு மட்டும் அனுமதி உண்டு.) அண்ணாச்சி களக்காட்டில் நெல் மில் வைத்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். தம் தங்கை மகள் திருவாங்கூர் யூனிவர்சிட்டியில் புராணம் படித்துப் பட்டம் வாங்கிவிட்டாள் என்று மில்லுக்கு வந்தவர்களிடமெல்லாம் தவிட்டோடு சேர்த்து அளந்திருக்கிறார். போன புரட்டாசிக்கு நாங்கள் ஊருக்கு வந்தபோது, சனிக்கிழமை பஜனை மடத்தில் அவளைப் பேசச் சொல்லிவிட்டார்.

"நீ படிச்சதப் பேசு தாயி. மத்ஸ்யத்தப் பத்தி நாலு வார்த்த சொல்லு, போதும்."

நான் பெண்கள் பக்கத்திலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்டினேன். அவள் பார்க்கவில்லை. அவளிடம் ஒன்று கேட்டால் கேட்டதற்குத்தான் பதில் சொல்வாள், அது அவள் பிறவிக் குணம். எழுந்து நின்று ஆரம்பித்தாள்.

"மத்ஸ்யத்துக்கு ஹிருதயத்தில ரெண்டே அறைதான். நமக்கு நாலு."

"ஆகா!" என்றார் பாகவதர். "ஒண்ணு ஜீவாத்மா, ஒண்ணு பரமாத்மா! நாலு வச்சுக்கிட்டுல்லா நாம கெடந்து அல்லாடுதோம்!"

"கண்ணுக்கு இமை கிடையாது. மூடவே மூடாது."

"மீனாட்சி! தாயே!" என்று முன்வரிசையில் ஒரு கிழவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"செதிள்ல வளையம் வளையமா இருக்கும். அத எண்ணினா வயசு சொல்லிரலாம்." இரண்டு பேர் தங்கள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இதோடு உட்கார்ந்திருந்தால் என் மகள் இன்றைக்குத் தென்பாண்டிச் சீமையில் பெரிய உபன்யாசகி. உட்காரவில்லை.

"செவுளத் தூக்கிப் பாத்தாப் பழசா புதுசான்னு தெரியும். நல்ல சிவப்பா இருந்தா வாங்கலாம்."

வாங்கலாம் என்ற ஒரு சொல்லில் பஜனை மடம் முழித்துக்கொண்டது. பாகவதர் ஜால்ராவைக் கீழே வைத்தார். உங்களில் சிலரும் அங்கே இருந்தீர்கள், ஆகையால் மேற்கொண்டு நான் விவரிக்கவேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"ஏட்டி, மீனா?"

"ஆமா அண்ணாச்சி. மத்ஸ்யம்னாலும் மீனுதான்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க கேக்கலயே."

அவர் நெடுநேரம் தலையைச் சொறிந்தார். கடைசியில் பெரிய மனசு பண்ணினார். தம் மகன் சுப்பையாவுக்கே கோமதியை எடுத்துக்கொள்வதாகவும், தை வரை பொறுப்பதாகவும் சொன்னார். அதற்குள் சர்க்கார் உத்தியோகம் கிடைத்தால் எங்கள் இஷ்டம். கிடைக்காவிட்டால் தையில் கல்யாணம். பின்னாலேயே வந்து நின்ற இவர் உடனே "நல்லது மச்சான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது நாகர்கோவில் தாண்டியதும் கோமதி சொன்னாள்: "அத்தான் நல்ல ஆளுதான் அம்மா. மில்லும் நல்ல மில்லுதான். ஆனா எனக்கு ஜோலி வேணும். நான் படிச்ச ஜோலி."

4

நான் படிச்ச ஜோலி! கேட்க நன்றாகத்தான் இருந்தது. கூடப் படித்தவர்கள் எல்லாம் படித்த ஜோலியிலா உட்கார்ந்திருக்கிறார்கள்? ஒருத்தன் பத்திரப் பதிவு ஆபீசில் முத்திரை குத்துகிறான். ஒருத்தன் வித்துராப் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறான். கடல்கள் என்ற பாடம் வரும்போது மட்டும் குரல் உயரும் என்று கேள்வி. ஒருத்தன் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிறான். அங்கே மழை உண்டு, அட்டை உண்டு, மீன் மட்டும் கிடையாது. இன்னொருத்தன் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாகி எங்கள் வீட்டுக்கே வந்து, இவர் செத்தால் எனக்கு எவ்வளவு கிடைக்கும் என்று விளக்கிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனான்.

படிப்பு மேல் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. லத்தீனில் மீன் பேர் அத்தனையும் சொல்லிக் கொடுத்தார்கள். முள்ளை எண்ண, குடலை அறுக்க, அறுத்ததைப் படம் போட, போட்ட படத்துக்குச் சாயம் தீட்ட, எல்லாம் உண்டு. ஆனால் வேலைக்கு விளம்பரம் வந்தால் டைப் அடிக்கத் தெரியவேண்டும் என்றிருக்கும், சைக்கிள் விடத் தெரியவேண்டும் என்றிருக்கும். நீந்தத் தெரிந்தால் விசேஷம் என்றுகூட ஒன்றில் இருந்தது. லத்தீனைக் கேட்டவன் எவனும் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஏட்டு மீன் எந்தக் குழம்புக்கு உதவும்?

கோமதி டைப் கற்றுக்கொண்டாள். சைக்கிளும் கற்றுக்கொண்டாள், மாலையில் பள்ளிக்கூட மைதானத்தில், பாவாடையைக் கணுக்கால் வரை சுருட்டிக்கொண்டு. தெருவில் பாதிப் பேர் வேடிக்கை பார்த்தார்கள், மீதிப் பேர் அவர்கள் சொல்லக் கேட்டுக்கொண்டார்கள். நீந்துவதற்கு மட்டும் நான் விடவில்லை.

தினமும் காலையில் கோலம் போடப் போனால் வேலிக்கு மேலே பாருக்குட்டியம்மாவின் தலை தெரியும். "சேச்சி, மோள்க்கு ஜோலி வல்லதும் ஆயோ?" மகளுக்கு வேலை ஏதாவது ஆயிற்றா என்று நல்ல எண்ணத்தில்தான் கேட்பாள், பாவம். ஆனால் நல்ல எண்ணத்தைப்போல் மனுஷியை அறுப்பது வேறு எது? "ஆகும், ஆகும்" என்பேன். ஐப்பசி போயிற்று. ஊரிலிருந்து வந்த ஆள் மூலம் அண்ணாச்சி, பந்தலுக்கு மூங்கில் சொல்லியாயிற்று என்று சொல்லியனுப்பினார்.

5

கார்த்திகையில் முதல் இண்டர்வியூ வந்தது. மீன் சம்பந்தப்பட்ட வேலைதான். எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினேன்.

அங்கே நடந்ததைப் புரிந்துகொள்ள நீங்கள் ஒரு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஆட்கள் சாலை என்று சொல்லும் கடைத்தெரு, ஆரியசாலைக்குப் பக்கத்திலே இருப்பது, இவர்கள் வாயில் "சால". இந்த ஊர்க் கடலில் மலைமலையாகக் கிடைக்கும், ஏழை பணக்காரன் என்று எல்லார் சட்டியிலும் கொதிக்கும் மத்தி மீனுக்குப் பேர் "சாள". நாக்கை ஒரு மடி மடித்தால் மீன், மடிக்காவிட்டால் பஜார்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். நடுவில் இருந்தவர் வெற்றிலை போட்டு வாயை அடைத்துக்கொண்டிருந்தவர். முதலில் வீடு எங்கே என்று கேட்டார்.

"ஆரியசாலயில், சார்."

"சாளயெக் குறிச்சு எந்தறியாம்?"

வீட்டைப் பற்றிக் கேட்ட வாய் அடுத்து மீனுக்குத் தாவும் என்று இவள் கண்டாளா? பயத்தில் காது வேறு அடைத்திருக்கிறது. சாலையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறார், நமக்குத் தெரியாததா என்று நினைத்து, வழவழவென்று மலையாளத்தில் விட்டிருக்கிறாள். விடியுமுன்னே வண்டி வண்டியாக வந்து இறங்கும். மழைக்காலத்தில் வரத்துக் குறைச்சல். வந்தவுடனே வாங்கினால் நல்ல சரக்கு கிடைக்கும், உச்சிக்கு மேலே போனால் விலை இறங்கும். அந்த நாற்றம் பழகாதவர்களுக்குச் சகிக்காது.

மூன்று பேரும் தலையாட்டினார்களாம். அனுபவ அறிவுள்ள பெண் என்று ஒருவர் மற்றவரிடம் முணுமுணுத்தாராம்.

"பின்னே?" என்றார் நடுவில் இருந்தவர்.

"பின்னே, மல்லியும் வத்தல் முளகும் அங்கேதான் மொத்த வியாபாரம். எங்க அப்பா கணக்கெழுதற கடையும் அங்கே பக்கத்திலதான்."

வெற்றிலைக்காரருக்குப் புரையேறி, தண்ணீர் கொண்டுவர ஆள் ஓடியிருக்கிறான். வாசல்படி இறங்கும்போதுதான் கோமதிக்கு உறைத்தது. அந்த மீனுக்கு லத்தீனில் என்ன பேர், எத்தனை முள், எந்த மாதம் முட்டையிடும் என்று அத்தனையும் படியில் நின்று தன்னந்தனியாக ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் உட்கார்ந்து அழுதாள். நான் சிரித்துவிட்டேன். அப்புறம் நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

அந்த வேலை சரித்திரம் படித்த ஒரு பையனுக்குப் போயிற்று. அவன் சாளை தின்பவன். அது போதாதா தகுதி?

6

மார்கழிக் கடைசியில் இன்னொன்று வந்தது. கடற்கரையை ஒட்டிய ஒரு சர்க்கார் நிலையம். உப்புக்கண்டமாகப் போட்ட மீனை வெளியூருக்கு அனுப்புமுன் பரிசோதித்து, நல்லது கெட்டது சொல்லவேண்டும். அதே நாள் அண்ணாச்சியும் வந்து இறங்கினார், மூங்கில் வந்துவிட்டது, தேதி சொல்லுங்கள் என்று. கூடத்தில் இவர், அண்ணாச்சி, நடுவில் வெற்றிலைத் தட்டு. நான் அடுப்படியில் காப்பி கலக்கிக்கொண்டிருந்தேன். கோமதி வந்தாள். குளிக்காமல் நேரே கூடத்தில் வந்து நின்றாள். அதிலிருந்தே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

"ஜோலி தாரேன்னு சொல்லிட்டாங்க," என்றாள்.

இவர் எழுந்தேவிட்டார். "பின்னே என்னம்மா, சந்தோஷமா இருக்க வேண்டியதல்லே?"

"கண்ணால பாத்தா மட்டும் போதாதாம். மூந்து பாத்தாலும் போதாதாம். ஒவ்வொரு வரத்திலயும் ஒரு துண்டு வேக வச்சு, வாயில போட்டு ருசி பாக்கணும். விழுங்க வேண்டாம், துப்பிரலாம். ஆனா நாக்குலயும் பல்லுலயும் படணும். உப்பு சரியாப் பிடிச்சிருக்கா, உள்ள கெட்டிருக்கான்னு நாக்குக்குத்தான் தெரியுமாம். எங்க வீட்ல சைவம்னு சொன்னேன். அந்த ஆபீசர் நல்ல மனுஷன். வீட்டில கேட்டுட்டு நாளைக்கு வந்து சொல்லுன்னார்."

இவர் சுவரில் இருந்த நடராஜர் படத்தை முதல்தடவை பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். நழுவுகிற மீன் என்று நான் சொன்னேன் அல்லவா? அண்ணாச்சிதான் தொண்டையைக் கனைத்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மிகவும் அன்பாகப் பேசினார்.

"இதுக்கா இத்தன மலைப்பு? கழுத விட்டுத் தள்ளு. நம்ம வீட்டுக்கு வா தாயி, ராணி மாதிரி இரி. இதப் படிச்சேன் அதப் படிச்சேன்னு அங்க யார்ட்டயும் சொல்ல வேண்டாம், அவ்வளவுதான். படிச்சத மறந்துட்டாப் போதும், வேற ஒரு சீரும் எங்களுக்கு வேண்டாம்."

மாமாவை எதிர்த்துப் பேச நான் அவளைப் பழக்கவில்லை. கோமதி கைவிரல்களை மட்டும் ஒன்றோடொன்று பின்னிப் பின்னிப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்த விரலைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து வந்ததோ அப்படி ஒரு ஆத்திரம்! கொல்லைக் கொடியில் அந்தக் கோட்டைத் தினமும் துவைத்துப் போட்டவள் யார்? மறந்துவிடு என்கிறார், ஏதோ கடையில் குடையை மறந்து வைப்பதுபோல. நானும் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள்தான். கல்யாணப் பேச்சு வந்த அன்றைக்கே என் புத்தகத்தையெல்லாம் பரணில் போட்டார்கள். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

காப்பித் தம்ளரை அண்ணாச்சிக்கு முன்னால் வைத்தேன். கொஞ்சம் பலமாகத்தான் வைத்தேன், பாதி தட்டில் கொட்டிற்று.

"ஏட்டி கோமதி, நாளைக்குப் போ," என்றேன். "வாயில போட்டுப் பாரு. பாத்துட்டுத் துப்பிரு. மீனத் துப்பு. ஜோலியத் துப்பிராத."

"நீ என்னட்டி பேசுத?" அண்ணாச்சி எழுந்துவிட்டார். "நம்ம குலம் என்னத்துக்காவும்?"

"குலம் ஏழு தலமொற தாக்குப்பிடிச்சிருக்கில்லா? ஒரு துண்டு உப்புக்கண்டத்துக்கு ஒடஞ்சு போற குலமா இருந்தா ஒடஞ்சு போட்டும் அண்ணாச்சி. மூங்கில வித்துருங்க."

அவர் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார். காப்பி அப்படியே இருந்தது. இவர் என்னை ஏதோ புதிதாகக் கல்யாணம் ஆனவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். களக்காட்டில் இதைப் பலவிதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அண்ணாச்சியை நான் அடித்தேன் என்றுகூட ஒரு பேச்சு வந்ததாம். அடிக்கவில்லை.

வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்கு வீட்டில் இருப்பு கொள்ளவில்லை. என் பிள்ளையின் வாயில் மீனை வைக்கச் சொன்னேனே, வாந்தி எடுத்தாளோ, எல்லார் முன்னாலும் அவமானப்பட்டாளோ என்று நூறு நினைப்பு. சாயங்காலம் படலைத் திறக்கும் சத்தம் கேட்டதும் ஒரு செம்புத் தண்ணீரோடு வாசலுக்கு ஓடினேன். கோமதி உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். தண்ணீரை நீட்டினேன். வாங்கி நன்றாகக் கொப்பளித்துத் துப்பினாள்.

"எப்பிடிட்டி இருந்துது?" என்று கேட்டேன்.

அவள் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"உப்பு போறாதும்மா," என்றாள். "ஒரு வண்டிச் சரக்கு முழுசையும் திருப்பி அனுப்பிட்டேன்."